மேம்பட்டது யாருக்கு?



நம் இளைஞர் முகாம்களில் மருந்து, உணவு என்று பேச்சு வந்தால் போதும், உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "அதெல்லாம் கெமிக்கல், உடம்புக்கு ஆகாது. கடவுள் கொடுத்ததை இயற்கையா அப்படியே சாப்பிடணும்" என்பது ஒரு கட்சி. "அது அந்தக் காலம். புதுசா வர்றது எப்பவும் பழசைவிட நல்லாத்தான் இருக்கும்" என்பது மறு கட்சி. சென்ற முகாமில் ஒரு தம்பி நேராகவே கேட்டுவிட்டார்: "அண்ணா, இறைவன் படைச்ச பொருளை மனுஷன் லேப்ல வெச்சு மாத்துறது தர்மமா, இல்லையா?"

நல்ல கேள்வி. 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு வார்த்தையில் முடிக்கக் கூடியது அல்ல. ஆனால் பதில் இல்லாத கேள்வியும் அல்ல. நாம் சமய வகுப்பில் படித்த ஒரு பாடத்திலேயே அதற்கு வழி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். முதலில் ஒரு உண்மைச் சம்பவத்தைப் பார்ப்போம்.

இரண்டு வாரம், இரண்டு மருந்து

1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் எல்பர்ஃபெல்ட் என்ற ஊரில் பாயர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். அங்கே ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் வேலை செய்தார். வில்லோ மரப்பட்டையிலிருந்து தொடங்கிய சாலிசிலிக் அமிலம் அப்போது காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் கொடுக்கப்பட்டு வந்தது. வலி குறையும், ஆனால் வயிற்றைப் புண்ணாக்கிவிடும். அந்த மூலக்கூறின் ஓரத்தில் அசிட்டைல் என்ற சின்னத் துண்டு ஒன்றை அவர் ஒட்டினார். வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்தின் உறவுக்காரத் துண்டுதான் அது. கிடைத்தது ஆஸ்பிரின். (யோசனை யாருடையது என்பதில் பின்னாளில் சர்ச்சை உண்டு.) 1899இல் அந்தப் பெயரோடு விற்பனைக்கு வந்தது.

முதல் சோதனை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதே ஆய்வுக்கூடத்தில், அதே ஹாஃப்மன், அதே அசிட்டைல் துண்டை இன்னொரு பொருளில் ஒட்டினார். இந்த முறை அபினியிலிருந்து வரும் மார்ஃபின். ஒன்றுக்கு இரண்டாக ஒட்டினார். லண்டனில் ரைட் என்ற வேதியியலாளர் 1874இலேயே இதைச் செய்து பார்த்திருந்தார், ஆனால் அது மருந்தாகக் கடைக்கு வரவில்லை. பாயர் 1898இல் அதை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது. மார்ஃபினைப் போல் ஆளை அடிமையாக்காது என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. அந்த மருந்துக்கு வைத்த பெயர், ஹெராயின்.

ஒரே மனிதர், ஒரே மாதம், ஒரே வகை மாற்றம். ஆஸ்பிரின் இன்றும் மாரடைப்பு வந்தவர்களின் உயிரைக் காப்பாற்றுகிறது. ஹெராயின் எத்தனை குடும்பத்தை அழித்தது என்று எண்ணி முடியாது.

இரண்டும் உடம்பில் எப்படி வேலை செய்கின்றன என்றும் கொஞ்சம் பார்க்கலாம். ஆஸ்பிரின் தன்னிடம் உள்ள அசிட்டைல் துண்டைக் கழற்றி, இரத்தத் தட்டணுக்களில் உள்ள ஒரு நொதியில் ஒட்டிவிடுகிறது. அந்த நொதி அதோடு முடங்கிப்போகிறது, இரத்தம் சீக்கிரம் உறைவதில்லை. மார்ஃபினில் ஒட்டிய துண்டுகள் வேறு வேலை செய்கின்றன. அவை அந்த மூலக்கூறைக் கொழுப்பில் எளிதாகக் கரைய வைக்கின்றன. அதனால் அது மூளையின் காவலைத் தாண்டி வேகமாக உள்ளே நுழைகிறது. உள்ளே போனதும் துண்டுகள் கழன்றுவிழ, மறுபடியும் மார்ஃபின் ஆகிவிடுகிறது. அசிட்டைல் அதற்கு ஏறிப் போகும் வாகனம், அவ்வளவுதான். மருந்துக்கு 'சக்தி கூடிவிட்டது' என்று அன்று மகிழ்ந்தார்கள். அந்தச் சக்தியே அடிமைத்தனத்தின் சக்தியும்கூட.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். மாற்றுவதே அதர்மம் என்றால் ஆஸ்பிரினை என்ன செய்வது? மாற்றினால் மேம்பாடுதான் என்றால் ஹெராயினை என்ன செய்வது? இரண்டு கட்சியும் இங்கே வாயடைத்துப் போகும்.

குயவனிடம் கேள்

சைவ சித்தாந்த வகுப்பில் முதல் நாள்களிலேயே ஒரு பானைக் கதை வரும், நினைவிருக்கிறதா? ஒரு பானை உண்டாக மூன்று காரணம் வேண்டும். மண் முதற்காரணம். சக்கரமும் தண்டும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகம் எப்படித் தோன்றியது என்று விளக்க நம் பெரியவர்கள் சொன்ன உவமை இது. நான் அதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோகிறேன்.

மார்ஃபினும் சாலிசிலிக் அமிலமும் மண். அசிட்டைல் ஏற்றும் ரசாயனமும் சூடும் கண்ணாடிக் குடுவையும் சக்கரம். மாற்றியவரும், அதை விற்றவரும், 'இது நல்லது' என்று சொன்னவரும் குயவர்.

மூன்றில் அறிவும் விருப்பமும் உள்ளது எது? குயவன் மட்டும்தான். மண்ணுக்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. சக்கரத்துக்கும் அப்படியே. ஆகவே 'கெமிக்கல் நல்லதா கெட்டதா' என்பது மண்ணிடம் போய் விசாரிப்பது போல. விசாரணை குயவனிடம் நடக்க வேண்டும்.

அதே சித்தாந்தம் இன்னொன்றும் சொல்கிறது. இல்லாதது தோன்றாது, காரியம் காரணத்துக்குள் முன்பே அடங்கியிருக்கிறது. இதைச் சற்காரியவாதம் என்பார்கள். ஹெராயினின் கொடுமை வெளியிலிருந்து வந்து சேரவில்லை. மார்ஃபினுக்குள் இருந்ததுதான் வேகமெடுத்தது. ஒரு பொருளின் நல்ல குணத்தை வளர்க்கப் போகிறவர், அதற்குள் படுத்திருக்கும் மற்ற குணமும் சேர்ந்து எழும் என்று எதிர்பார்த்து விழித்திருக்க வேண்டும். குயவனின் பொறுப்பு பானை உலர்ந்ததும் முடிவதில்லை. யாரோ அதில் தண்ணீர் குடிக்கிறார்கள்.

'இயற்கை' என்ற பெயரில்

முதல் கட்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாற்றாமல் கொடுப்பதுதான் நம் மரபு என்று நினைப்பவர்கள் ஒரு சித்த மருத்துவரிடம் போய் 'சுத்தி' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். எட்டிக்கொட்டை, சேராங்கொட்டை மாதிரி நச்சுள்ள சரக்குகளைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. ஊறவைப்பது, வேகவைப்பது, மேல்தோலை நீக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. மருந்தைத் தேனில் கொடுப்பதா பாலில் கொடுப்பதா என்பதற்கு அனுபானம், எதைச் சாப்பிடக் கூடாது என்பதற்குப் பத்தியம். இயற்கையை அப்படியே நம்பியவர்கள் இவ்வளவு ஏற்பாடு செய்திருக்க மாட்டார்கள். எட்டிக்காயும் இயற்கைதானே!

இதை நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் தாமானில் ஒரு அம்மா இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், இனிப்புநீர் உண்டு. அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மெட்ஃபோர்மின் மாத்திரையை, "கெமிக்கல் எத்தனை வருசம்தான் சாப்பிடுறது" என்று நிறுத்திவிட்டு, யாரோ கைப்பேசி வழி விற்ற மூலிகைப் பொடியைச் சாப்பிட ஆரம்பித்தார். முட்டி வலி இரண்டே வாரத்தில் போய்விட்டது. பத்துமலையில் 272 படியும் ஏறி இறங்கினார். "பாத்தியா தம்பி, இயற்கைன்னா இயற்கைதான்" என்று என்னிடமே சொன்னார். மூன்றாவது மாதம் முகம் உப்பிப்போய், கை கால் எல்லாம் கன்றிப்போய், சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி மருத்துவமனையில் படுத்தார். பொடியைச் சோதித்தபோது உள்ளே இருந்தது டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு. பொட்டலத்தில் பதிவு எண்ணே இல்லை.

டெக்சாமெத்தாசோனும் ஒரு மாற்றப்பட்ட மருந்துதான். நம் உடம்பு தானே சுரக்கும் கார்ட்டிசோல் ஹார்மோனின் வடிவத்தை எடுத்து, ஒரு ஃபுளோரின் அணு, ஒரு மெத்தில் துண்டு என்று சில மாற்றங்கள் செய்து, வீக்கத்தை அடக்கும் சக்தியை ஏறக்குறைய 25 மடங்கு கூட்டியிருக்கிறார்கள். 2020இல் கோவிட் காலத்தில், செயற்கைச் சுவாசக் கருவியில் கிடந்தவர்களின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது இந்த மலிவான மருந்துதான் என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது.

அங்கே உயிர் காத்த அதே மூலக்கூறு, இங்கே அந்த அம்மாவைப் படுக்க வைத்தது. வித்தியாசம் என்ன? அங்கே மருத்துவருக்கு எதைக் கொடுக்கிறோம், எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரியும். இங்கே அந்த அம்மாவுக்குத் தெரியாது. 'இயற்கை' என்ற சொல்லுக்குப் பின்னால் அது ஒளித்து வைக்கப்பட்டது. ரசாயனத்தில் இல்லாத அதர்மம் அந்தப் பொய்யில் இருந்தது. ஆகவே குயவனிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: உள்ளே என்ன இருக்கிறது என்று உண்மையைச் சொன்னாயா?

கந்தகமும் நம் தாத்தாக்களும்

இரண்டாவது கேள்விக்கு, மருந்தை விட்டு நம் குடும்பங்களுக்கு நெருக்கமான ஒரு பொருளுக்கு வருவோம். ரப்பர்.

மரத்திலிருந்து வரும் பால் உறைந்து கிடைக்கும் ரப்பரை அப்படியே பயன்படுத்த முடியாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். அதன் மூலக்கூறுகள் இடியாப்ப இழைகள் மாதிரி நீளநீளமாக ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும், சூட்டில் வழுக்கிக்கொண்டு போகும். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாவதைக் கண்டார். கந்தகம் இழைக்கு இழை பாலம் போடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கே வரும். 1844இல் காப்புரிமை பெற்ற குட்இயர் 1860இல் கடனோடுதான் இறந்தார்.

அந்தக் கந்தகப் பாலம் இல்லையென்றால் டயர் இல்லை. டயர் இல்லையென்றால், 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகள் பூங்காவில் வேடிக்கை மரங்களாகவே நின்றிருக்கும். மலாயாவில் அத்தனை பெரிய தோட்டங்கள் எழுந்திருக்காது. கங்காணிகளின் பேச்சை நம்பிக் கப்பல் ஏறிய நம் முன்னோர்களில் பலர் வந்திருக்கவும் மாட்டார்கள். இந்த இதழைப் படிக்கும் நம்மில் நிறைய பேர் இங்கே இருப்பதற்கு ஒரு வேதியியல் மாற்றமும் காரணம்.

கந்தகம் ரப்பரை மேம்படுத்தியது, சந்தேகமே இல்லை. உலகத்தையே ஓட வைத்தது. ஆனால் இருட்டில் பெரட்டுக்கு எழுந்து, கொசுக்கடியில் பால் வெட்டி, மங்கில் சேர்ந்ததை வாளியில் தூக்கிச் சுமந்து, லயத்தில் வாழ்ந்து முடிந்த கைகளை அது எவ்வளவு மேம்படுத்தியது? 'மேம்பட்டது' என்று யாராவது சொன்னால், யாருக்கு என்று கேட்கும் உரிமை வேறு யாருக்கு இல்லாவிட்டாலும் தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு உண்டு. பயன் ஒருவருக்கும் விலை இன்னொருவருக்கும் போகிறதா என்பது இரண்டாவது கேள்வி.

அந்த விலை பின்னால் வருகிறவர்கள் மீதும் விழலாம். கந்தகப் பாலம் போட்ட ரப்பரை மறுபடி உருக்கி வேறு உருவம் செய்வது எளிதல்ல. உறுதி என்ற அதே குணம் தேய்ந்த டயரை அழியாத குப்பையாக்கிவிடுகிறது. வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் பழைய டயரில் மழைநீர் தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிடும், டெங்கி வரும். டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்று நம் மருத்துவர்கள் படித்துப் படித்துச் சொல்கிறார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் அதே நல்ல குணம், டெங்கியில் இரத்தக் கசிவை மோசமாக்கிவிடும். நல்ல மருந்து என்று புகழ்ந்த ஆஸ்பிரினும் இடம் மாறினால் நஞ்சுதான்.

குறையைக் கேட்கும் காது

மூன்றாவது கேள்வி, தவறு தெரிந்த பிறகு என்ன செய்தார் என்பது.

ஹெராயின் ஆளை அடிமையாக்குகிறது என்ற செய்திகள் சில வருடங்களிலேயே மருத்துவர்களிடமிருந்து வரத் தொடங்கின. பாயர் உற்பத்தியை நிறுத்தியது 1913இல்தான். இன்னொரு பக்கம், நம் நாட்டின் ரப்பர் கையுறையைப் பாருங்கள். எய்ட்ஸ் பயத்தால் 1980களில் உலகம் முழுவதும் கையுறையின் தேவை திடீரென்று கூடியது. கூடவே தாதியர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒவ்வாமை வந்தது. பாலில் உள்ள புரதம்தான் காரணம், கையுறைக்குள் தூவிய மாவு அந்தப் புரதத்தைக் காற்றில் பரப்பியது. குறை சொன்னவர்களைக் கேட்டுப் பொருளை மறுபடி மாற்றினார்கள். புரதத்தைக் கழுவிக் குறைத்தார்கள். மாவு இல்லாமலே கையில் ஏறும்படி மேற்பரப்பைக் குளோரினால் பதப்படுத்தினார்கள். மலேசிய ரப்பர் வாரியம் புரதம் நீக்கிய ரப்பரையும் உருவாக்கியது. 2017இல் அமெரிக்கா மாவுக் கையுறையையே தடை செய்தது. மாற்றத்தால் வந்த குறையை இன்னொரு மாற்றத்தால் தீர்க்கலாம், கேட்கும் காது இருந்தால்.

"அண்ணா, இப்படிக் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா புது மருந்து எப்படி வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அந்த அம்மா நிறுத்திய மெட்ஃபோர்மினே இதற்குப் பதில் சொல்கிறது. ஐரோப்பாவில் காலிகா என்ற செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் ஒன்று இருந்தது, ஆனால் அது நச்சு. அதே வேதியியல் குடும்பத்தில் தேடியபோது கிடைத்தவைதான் மெட்ஃபோர்மினும் அதன் சகோதரன் ஃபென்ஃபோர்மினும். இரண்டும் 1950களில் சிகிச்சைக்கு வந்தன. ஃபென்ஃபோர்மின் இரத்தத்தில் அமிலத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றுவது தெரிந்து 1970களின் இறுதியில் பல நாடுகளில் நீக்கப்பட்டது. மெட்ஃபோர்மின் தாங்கி நின்றது. ஆனாலும் அமெரிக்கா அதை 1990களின் நடுவில்தான் ஏற்றது. எந்தச் சகோதரன் நல்லவன் என்று பெயரைப் பார்த்தோ பிறப்பைப் பார்த்தோ யாரும் சொல்லிவிடவில்லை. கொடுத்தார்கள், கவனித்தார்கள், கணக்கு வைத்தார்கள். எல்லாம் தெரியும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை நான். கொடுத்த பிறகு கண்ணை மூடிக்கொள்ளாதே என்கிறேன்.

புதுசு என்ற மயக்கம்

இரண்டாவது கட்சிக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். இன்று சில குயவர்கள் வேறு வகையான 'மேம்பாடு' செய்கிறார்கள். தடை செய்யப்பட்ட போதைப்பொருளின் மூலக்கூறில் ஒரு மூலையை மட்டும் மாற்றுகிறார்கள். போதை அதேதான், ஆனால் சட்டப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. மயக்கமருந்தை வேப் திரவத்தில் கலந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கும் கொடுமையும் வந்துவிட்டது. பக்கத்தில் சிங்கப்பூர் 2025 செப்டம்பரில் எட்டோமிடேட் என்ற மயக்கமருந்தைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே 2024 ஜூனில், புதுப் புது மனமயக்கப் பொருள்களை அவற்றின் வடிவத்தை வைத்துத் துரத்திக்கொண்டிருக்காமல், மனத்தின்மேல் அவை செய்யும் வேலையை வைத்தே பிடிக்கும்படி சட்டத்தை மாற்றியிருந்தது. நாம் பானைக் கதையில் பார்த்ததையே சட்டமும் தன் வழியில் வந்தடைந்திருக்கிறது. மூலக்கூறின் உருவத்தை வைத்து நல்லது கெட்டதைச் சொல்ல முடியாது. மனிதனுக்கு அது என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

நண்பர் ஒருவர் "இது புது ஃபிளேவர், ஒண்ணும் ஆகாது" என்று நீட்டும்போது அந்த மூன்று கேள்வியும் நினைவுக்கு வரட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியுமா? இலாபம் யாருக்கு, விலை யாருக்கு? நாளைக்கு உனக்கு ஏதாவது ஆனால் வந்து நிற்பது யார்?

உங்களில் சிலர் வேதியியல் படிக்கிறீர்கள். சிலர் மருந்தியல், சிலர் ரப்பர் தொழில்நுட்பம். நாளைக்கு நீங்களே குயவர்கள். மாற்ற பயப்படாதீர்கள். மாற்றியதற்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். மருந்து நான்கில் ஒன்றுதான். நாலாவது ஆள் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பிள்ளை, அதாவது நீங்கள். இன்றைக்கே அம்மா அப்பாவின் மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். கிளினிக் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். மூலிகை மருந்து ஏதாவது இருந்தால் அதன்மேல் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தென்றால் அந்த எண்ணில் இலக்கங்களுக்குப் பின் 'டி' என்ற எழுத்து வரும். எண் இல்லையென்றால் திட்டாதீர்கள், பயமுறுத்தாதீர்கள். பல வாரமாகச் சாப்பிட்டு வந்திருந்தால் உடனே நிறுத்தவும் சொல்லாதீர்கள், உள்ளே ஸ்டீராய்டு இருந்தால் அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பொட்டலத்தோடு அவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.